கதவு மூடிக்கொண்டது என்றாள் பிள்ளை

குருவிமலைத் தோட்டம், கீழ்ப் பிரிவு,
ஹட்டன்.
1999 ஜூன் 14

பேச்சி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உள்ளே வைத்திருந்த போட்டோவைப் பார்த்து உன் மச்சான்கூட, "பேச்சி ரொம்ப எளச்சிட்டா" என்றார். வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற அவசரத்தில் நீ சாப்பிட மறந்துவிடாதே. ஷாமிலா தன் அம்மாவின் போட்டோவைக் கணக்குக் கொப்பிக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறாள்.

இங்கே மழை பிடித்துவிட்டது. பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளுக்கெல்லாம் சளி. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டுத்தான் என் கையில் கொடுக்கிறார்கள். தொட்டில் துணி ஒன்றும் காயமாட்டேன் என்கிறது.

ஒரு சங்கதி. பதறாதே. நம்முடைய வேன் போன மாதம் களவு போய்த் திரும்பவும் கிடைத்துவிட்டது. பட்டிப்பொலயில் மச்சானின் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். போய்விட்டு வரும்போது, அம்பேவெலையைத் தாண்டிய காட்டுப் பாதையில் காக்கித் தொப்பி போட்ட ஒருத்தன் கையைக் காட்டினான். இந்தக் காலத்தில் காக்கியைக் கண்டும் நிறுத்தாமல் போக யாருக்குத் தைரியம் வரும்? செக்பொயின்ட் என்று நினைத்து மச்சான் நிறுத்தினார். அவர்கள் ஆமியும் இல்லை, பொலிசும் இல்லை. வேன் பிடுங்குகிற கூட்டம். மச்சானுக்குத் தலையில் அடி. தையல் போட்டு இப்போது ஆறிவிட்டது. மறுநாள் வெலிமடைப் பக்கம் பாதையோரத்தில் வேன் கிடந்தது. ரேடியோ இல்லை, பின்டயர்கள் இல்லை. மற்றபடி பழுதில்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

ஷாமிலா இந்த முறை அடியில் எழுதவில்லை என்று கோபிக்காதே. பரீட்சைக்குப் படிக்கிறாள். அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுவாள்.

அக்கா
நாகலெட்சுமி

*

பெய்ரூட்
1999 ஜூலை 4

அன்புள்ள அக்கா,

மச்சானின் தலைக் காயம் முழுதாக ஆறிவிட்டதா? தலைவலி வந்தால் சும்மா இருக்க வேண்டாம், டொக்டரிடம் காட்டச் சொல். ரேடியோவும் டயரும் போனால் போகட்டும். ஆள் தப்பியதே பெரிய காரியம்.

இங்கே மேடம் காரில் ஏறினால் முதல் வேலையாக எல்லாக் கதவையும் பூட்டுவாள். கண்ணாடியை ஏற்றிவிடுவாள். சிக்னலில் நிற்கும்போதும் அவள் கண் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் நிற்கிற காரோடு ஒட்டி நிறுத்தமாட்டாள். சட்டென்று வெட்டி எடுக்க இடம் விட்டுத்தான் நிறுத்துவாள். வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை. மச்சானிடம் சொல். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது கதவைப் பூட்டிக்கொள்ளட்டும். காட்டுக்குள் யார் கை காட்டினாலும், கடை கண்ணி இருக்கிற இடம்வரைக்கும் போய் நிறுத்தட்டும். கேட்டால் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லலாம்.

ஷாமிலாவின் எழுத்து இல்லாத கடிதம் உப்பில்லாத சோறு மாதிரி இருக்கிறது. பரீட்சை என்றால் இரண்டு வரி எழுத முடியாதா? நான் திட்டினேன் என்று சொல்.

மேலே இருப்பதை எழுதி வைத்தது நேற்று. ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதுகிறேன்.

மேல்மாடி வீட்டில் டயகமயைச் சேர்ந்த லெட்சுமி என்கிற பெண் வேலை செய்கிறாள். துணி காயப் போடும்போது நானும் அவளும் பல்கனியில் பேசிக்கொள்வோம். இன்று காலையில், "ஒங்க மகளுக்கு இப்ப பரவாயில்லையாக்கா?" என்று கேட்டாள்.

"எம் மகளுக்கு என்னா?" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை. அவளுடைய தங்கச்சி அந்தப் பட்டிப்பொலக் கல்யாணத்துக்கு வந்திருந்தாளாம். வேனோடு சேர்த்துப் பிள்ளையையும் கொண்டுபோய்விட்டார்கள் என்று எழுதியிருக்கிறாளாம்.

அக்கா, இது உண்மையா? "பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதினாயே, எந்தப் பிள்ளைக்கு? உன் மகன் தர்ஷன் எங்கே இருந்தான்? நீ எங்கே இருந்தாய்? என் பிள்ளையை அவர்கள் என்ன செய்தார்கள்?

மேடம் கூப்பிடுகிறாள். அழுதால் ஏன் என்று கேட்பாள். அவளுக்குச் சொல்ல எனக்கு அரபியில் வார்த்தை இல்லை.

பேச்சியம்மா

*

குருவிமலைத் தோட்டம்
1999 ஜூலை 26

பேச்சி,

உண்மைதான். நான் மறைத்தேன். கடல் தாண்டி இருக்கிறவள், நினைத்தால் ஓடி வரவும் முடியாதவள், கேள்விப்பட்டால் சோறு இறங்காதே என்றுதான் மறைத்தேன். வேறு காரணம் இல்லை.

முதலில் இதைத் தெரிந்துகொள். அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா பார்த்துவிட்டு, பயந்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று சொன்னார்.

நடந்ததை எழுதுகிறேன். அம்பேவெலையில் தேத்தண்ணிக் கடையொன்றில் நிறுத்தினோம். அங்கே மோட்டார் சைக்கிளோடு இரண்டு பேர் நின்றார்கள். ஷாமிலா என் காதில், "பெரியம்மா, அந்த ஆளு நம்ம வேனையே சுத்திச் சுத்தி பாக்குறாரு" என்றாள். "சும்மா இரு. ஆளுகள அப்பிடிப் பாக்காத" என்று நான் அதட்டினேன். பிறகு பாதையில் அந்த மோட்டார் சைக்கிள் எங்களை முந்திக்கொண்டு போனது. "பெரியப்பா, அதே ஆளுங்க" என்றாள். மச்சான் சிரித்துவிட்டு, "போலீசு வேலைக்கித்தான் போகப்போறா இவ" என்றார். ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் நாங்கள் கேட்கவில்லை.

பகல் நேரம்தான். ஆனால் பனி இறங்கி, முன்னால் போகிற மாடு தெரியவில்லை. ஒரு வளைவில் காக்கித் தொப்பி தெரிந்தது. மச்சான் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். கதவு ஒன்றும் பூட்டியிருக்கவில்லை. ஒருத்தன் அவரைச் சட்டையோடு பிடித்து இழுத்துக் கீழே தள்ளிக் கட்டையால் அடித்தான். இன்னொருத்தன் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்து கத்தியைக் காட்டி, "பஹின்ன! பஹின்ன!" என்று கத்தினான். இறங்கு, இறங்கு என்று.

தர்ஷன் கதவோரம் இருந்தான். நான் நடுவில். ஷாமிலா அந்தப் பக்கத்துக் கண்ணாடியோரம். தர்ஷனைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கினேன். ஷாமிலா இறங்குவதற்குள் கதவு மூடிக்கொண்டது. வேன் கிளம்பிவிட்டது. நான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். பனிக்குள் சத்தம்தான் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மரக்கறி லொறி ஒன்று வந்து எங்களைப் பொலிசுக்குக் கொண்டுபோனது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு சிங்கள அம்மா ஷாமிலாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சீட்டுக்கு அடியில் ஒளிந்து கிடந்தாளாம். தும்மியதும் அவர்கள் கண்டுகொண்டு, உருளைக்கிழங்குத் தோட்டம் ஒன்றின் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். அங்கே வேலை செய்துகொண்டிருந்த அம்மாதான் அழைத்து வந்திருக்கிறார். "பய வென்ன எப்பா, துவ" என்று, பயப்படாதே மகளே என்று, அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஷாமிலா என்னைக் கண்டதும், "தம்பி எங்க?" என்றுதான் கேட்டாள்.

பிள்ளை மட்டும் எப்படி உள்ளே இருந்தது என்று பொலிஸ்காரர் என்னைக் கேட்டார். ஷாமிலாதான் சிங்களத்தில், "தொர வெஹுனா" என்றாள். கதவு மூடிக்கொண்டது என்று. அவர் அதை எழுதிக்கொண்டார். அவளாகச் சொன்னது. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 22 ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் இருக்கிற கொமினிகேசன் கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மேடத்தைக் கெஞ்சிக் கேட்டாவது போன் எடு. அவள் குரலைக் கேட்டால் உனக்கு மனம் ஆறும்.

அக்கா

*

பெய்ரூட்
1999 ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேசியதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று மேடத்தின் மகனுடைய சட்டையை இஸ்திரியில் கருக்கிவிட்டேன்.

"என்னடா நடந்துச்சு?" என்று அவளைக் கேட்டேன்.

"கதவு மூடிக்கிச்சும்மா. பெரியம்மாவால தொறக்க முடியல."

"ரொம்பப் பயந்துட்டியா?"

"கதவு மூடிக்கிச்சும்மா."

"சாப்புட்டியா இன்னைக்கி?"

"சாப்பிட்டேன். கதவு மூடிக்கிச்சு, அதான்."

என் மகள் மழை பெய்ததைச் சொல்லத் தொடங்கினால் தவளை கத்தியது, பக்கத்து வீட்டு நாய் நனைந்தது என்று கடைசிவரைக்கும் போகிறவள். வேனில் தன்னைக் கொண்டுபோனதைப் பற்றி அவளிடம் இருந்தது ஒரே ஒரு வரி. கேட்காத கேள்விக்கும் அதே வரி. உங்கள் கடிதத்திலும் அதே வரி.

நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "இன்னும் சொல்லும்மா" என்று ஒரு தரம்கூட நீங்கள் அவளைச் சொல்லவில்லை.

இந்த 'நீங்கள்' உங்களுக்குப் புதிதாக இருக்கும். 'நீ' என்று எழுதத்தான் தொடங்கினேன். கை வரவில்லை.

அந்த வேன் கதவு எனக்கும் தெரியும். கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு அதில்தானே வந்தேன். அது தானாக மூடுகிற கதவா? மச்சானே இரண்டு கையாலும் இழுத்துத்தான் சாத்துவார்.

ஷாமிலாவின் அப்பா அழகன் போன பிறகு என் கையில் இருந்தது அவள் ஒருத்திதான். வெளிநாட்டுக்குப் போகிற இடத்தில் எனக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது. ஆனால் அவளைப் பற்றிப் பயப்படவில்லை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் பார்க்கிறவர் என் அக்கா, என் பிள்ளையைப் பார்க்கமாட்டாரா என்று நினைத்தேன். லயத்தில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டும் வந்தேன்.

யாரை முதலில் தூக்கினீர்கள் என்று கேட்கவில்லை. அது நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். பெற்றவள் அப்படித்தான் செய்வாள். நான் கேட்பது வேறு. அடுத்ததாக அவளுக்குக் கையை நீட்டினீர்களா, இல்லையா?

அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். மச்சானின் தலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுத வேண்டாம்.

பேச்சியம்மா

*

குருவிமலைத் தோட்டம்
1999 செப்டம்பர் 19

பேச்சி,

இல்லை. நீட்டவில்லை.

இதை எழுதிவிட்டு, தாளை மடித்துச் சேலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இவ்வளவு போதும், அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அதுவும் மறைப்பதுதான். மீதியையும் எழுதுகிறேன்.

கத்தியைக் கண்டதும் தர்ஷனை இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். ஒரு கால் படியில், ஒரு கால் பாதையில். அப்போது என் முந்தானை இழுபட்டது. சீட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன் என எழுத வந்தேன். அது பொய். பிள்ளையின் விரல் என்று எனக்குத் தெரியும். "பெரியம்மா" என்றாள். கத்தவில்லை, பள்ளிக்கூடத்தில் டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகத்தான் கூப்பிட்டாள். நான் முந்தானையை உருவிக்கொண்டு இறங்கினேன். அதற்குப் பிறகுதான் அவன் கதவைச் சாத்தினான். இடையில் நேரம் இருந்தது. ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு இருந்தது.

ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தங்கச்சி பிள்ளைதானே என்று நினைத்து அவளை விட்டேன் என்று சொன்னாலாவது ஒரு காரணமாக இருக்கும். நினைக்கவே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு பிள்ளைதான் இருந்தது. சோறு போடும்போதும் தலை பின்னிவிடும்போதும் இரண்டும் எனக்கு ஒன்றுதான் என்று நானே நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பொலிசில் அவள் கதவு மூடிக்கொண்டது என்று சொன்னாளே, அப்போது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன் பேச்சி. நல்லதாகப் பாடம் ஒப்பித்த பிள்ளையைத் தடவுகிற மாதிரி. அதுதான் எல்லாவற்றையும்விட என்னைத் தின்கிறது. அந்தத் தடவலில்தான் அவள் தெரிந்துகொண்டாள், இனி இதையே சொல்ல வேண்டும் என்று. லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் அதையே சொன்னேன். அவள் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். உனக்கும் அதையே எழுதினேன்.

உன் கடிதம் வந்த பிறகு ஒருநாள் பீலியில் இரண்டு பேரும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். வேறு யாரும் இல்லை. நான் சொன்னேன்: "ஷாமிலா, அன்னைக்கிக் கதவு மூடல. நான்தான் ஒன்னய விட்டுட்டு எறங்கிட்டேன்."

அவள் துணியைப் பிழிந்துகொண்டே, "தெரியும் பெரியம்மா" என்றாள்.

"பொறவு ஏன் அப்பிடிச் சொன்ன?"

"நீங்க விட்டுட்டீங்கன்னு சொன்னா பொலிசு ஒங்களப் புடிச்சிக்குவாங்க. அம்மாவும் கோவிச்சிக்குவாங்க. அப்பறம் நான் எங்க போயி இருக்குறது?"

அழாமல்தான் சொன்னாள். கடைக்குப் போனால் என்ன வாங்க வேண்டும் என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துவிட்டாள். நான் பீலிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மச்சானிடமும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் ரோட்டோரக் கானுக்குள்ள விழுந்து கெடந்தேன். நான் மட்டும் யாரக் காப்பாத்துனேன்?" என்றார். எழும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பிள்ளைக் காம்பராவில் யாருக்கும் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் இல்லை. இன்று காலையில் மீனம்மா தன் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க இருக்கீங்கன்னுதாங்க்கா நிம்மதியா மலைக்கிப் போறேன்" என்றாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதவில்லை. எழுதினால் அதற்கு நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டிவரும்.

நாகலெட்சுமி

*

குருவிமலைத் தோட்டம்
1999 நவம்பர் 14

பேச்சி,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் இருந்தேன். ஷாமிலாவைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தீபாவளிக்கு அவளுக்கு நீலச் சட்டை எடுத்தோம். நீ அனுப்பிய செருப்பு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்கிறாள். வகுப்பில் முதல் ஐந்துக்குள் வந்திருக்கிறாள். தூக்கத்தில் பேசுவது குறைந்திருக்கிறது.

மச்சான் வேனை மறுபடியும் ஓட்டுகிறார். நீ எழுதியதை நான் படித்துக் காட்டியிருந்தேன். இப்போது எல்லாரும் ஏறியதும் கதவுகளைப் பூட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் உள்ளேயிருந்து தள்ளிப் பார்த்த பிறகுதான் எடுக்கிறார். கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்குமேல் இறக்குவதில்லை. கடையில் நிறுத்தினால் ஒருத்தராவது வேனைப் பார்த்தபடி நிற்க வேண்டும். "பாப்பா, பின்னால என்னா வருது?" என்று ஷாமிலாவைத்தான் கேட்பார். அவள் சொன்னால் இப்போது சிரிப்பதில்லை.

தீபாவளிக்கு மறுநாள் பொகவந்தலாவைக்கு அத்தை வீட்டுக்குப் போனோம். வழியில் மழைக்கோட்டுப் போட்ட ஒருத்தர் கை காட்டினார். மச்சான் நிறுத்தவில்லை. கடைத்தெருவரைக்கும் ஒரே மிதி. பின்னால் துரத்திக்கொண்டு வந்தது நிஜப் பொலிஸ். ஜீப்பிலிருந்து இறங்கி வாயில் வந்தபடி ஏசினார்கள். மச்சான் தலைத் தழும்பைக் காட்டி நடந்ததைச் சொன்னார். அதில் பெரியவராக இருந்தவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளைகளைக் கண்டதும் குரலை இறக்கி, "ஹரி, ஹரி, யன்ன" என்று போகச் சொல்லிவிட்டார்.

அதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த மழைக்கோட்டைக் கண்டதும் நான் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கமும் பிடித்தேன். இந்தத் தடவை பிடித்தேன் பேச்சி. தர்ஷன் என் மடியில் வந்து விழுந்தான். ஷாமிலா வரவில்லை. இப்போதெல்லாம் அவள்தான் கதவோரம் இருப்பாள், வேறு யாரையும் இருக்க விடமாட்டாள். என் கை அவள் தோளில் இருந்தது. அவளுடைய இரண்டு கையும் கதவுப் பிடியில் இருந்தன. என்னை நம்பி அவள் இல்லை. அது அவளுக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மீனம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழுதாகச் சொன்னேன். மறுநாளும் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவளுக்கு வேறு வழி ஏது? ஆனால் நிம்மதியாகப் போகிறேன் என்று இப்போது சொல்வதில்லை.

உனக்கு விருப்பமானால் ஷாமிலாவைப் பொகவந்தலாவையில் அத்தையிடம் கொண்டுபோய் விடுகிறேன். அவளிடம் கேட்டேன். "அம்மா சொன்னாப் போறேன்" என்றாள். நீ சொல்கிறபடி செய்வேன்.

நாகலெட்சுமி

*

பெய்ரூட்
1999 டிசம்பர் 20

அக்காவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாமல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உங்களைச் சாகச் சொல்லி எழுதியிருந்தேன். அதைக் கிழித்தது நல்லதாகப் போயிற்று.

லெட்சுமி இன்னும் பல்கனிக்கு வருகிறாள். எனக்குத் தெரியப்படுத்தியதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவள்தான், அவள் செய்த தப்பு ஒன்றும் இல்லை. இதை எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று எழுதியதும் எனக்குப் புரிகிறது.

அந்த வேனுக்குள் என்னை வைத்து நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். பாத்திரம் கழுவும்போது, மேடத்தின் பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது. நான் நடுவில் இருக்கிறேன். ஒரு பக்கம் ஷாமிலா, ஒரு பக்கம் தர்ஷன். கத்தியைக் காட்டுகிறான். ஒவ்வொரு தடவையும் நான் ஷாமிலாவைத்தான் இழுக்கிறேன். தர்ஷன் என் சேலையைப் பிடித்தானா, இல்லையா என்றுகூட என்னால் பார்க்க முடியவில்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். பார்க்காமலே இறங்கிவிடுகிறேன்.

இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மேல் கோபம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. என் மேலும் வெட்கம் வந்ததுதான் மிச்சம். இரண்டும் ஒன்றாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னும் இரண்டு வருசத்துக்கு இருக்கும்படி மேடம் கேட்டாள். இருக்கலாம் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன், ஒரு அறையாவது கட்டிவிடலாம் என்று. இப்போது முடியாது என்று சொல்லிவிட்டேன். "நான் எங்க போயி இருக்குறது" என்று பிள்ளை உங்களிடம் கேட்டிருக்கிறாள். அது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஒன்பது வயதில் இருக்க இடம் வேண்டும் என்று பொய் சொல்லப் படித்துக்கொண்டாளே, அதில் என் பங்கும் இருக்கிறது.

ஜனவரி 18 காலையில் கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். மச்சான் வேனைக் கொண்டுவர வேண்டாம். அந்த வேனில் ஏற எனக்கு இப்போது மனம் இல்லை. அவரிடம் கோபமில்லை என்று சொல்லுங்கள். கொழும்பு கோட்டையிலிருந்து ரயிலில் வருகிறேன். உங்கள் வீட்டில் தங்கமாட்டேன். அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு பொகவந்தலாவைக்குப் போய்விடுவேன். அத்தைக்கு எழுதியிருக்கிறேன். தோட்டத்தில் பேர் பதியக் கேட்டிருக்கிறேன். கொழுந்தெடுக்க எனக்கு மறந்துபோகவில்லை. பிறகு நான் எப்போது உங்கள் வீட்டுப் படி ஏறுவேன் என்று எனக்குத் தெரியாது. ஷாமிலா வருவாள். தம்பியைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அதை நான் தடுக்கமாட்டேன்.

அவளை ஹட்டன் ஸ்டேசனுக்கு அத்தை கூட்டிக்கொண்டு வரட்டும் என்றுதான் அத்தைக்கு எழுதிய கடிதத்தில் இருந்தது. ஒட்டுவதற்கு முன் அந்த வரியை வெட்டிவிட்டேன்.

நீயே கூட்டிக்கொண்டு வா, அக்கா. அந்த ரயிலுக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும். என்னைக் கண்டால் நிற்பதற்கு முன்னாலேயே ஓடி வரப் பார்ப்பாள். அவள் கையைப் பிடித்துக்கொள். அவள் உதறினாலும் விடாதே. நான் இறங்கி வந்து, உன் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறேன்.

பேச்சி